பதினெட்டு சொந்தங்களும் ஒரு இலவச பேக்கப்பும்

இலவசம் என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. இதை ஒளித்து வைத்துப் பயனில்லை. சின்னமனூரில் என் ஸ்டூடியோ இருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பரம்பரை வியாதி. மருந்து இருக்கிறதாம், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சொந்தமாக ஒரு கேமரா, தவணையில் ஒரு கம்ப்யூட்டர், கூடலூரில் ஒரு காதலி. மூன்றில் கம்ப்யூட்டர்தான் அடிக்கடி மக்கர் செய்யும். காதலியின் பெயர் மலர். அவளுடைய அப்பா பவுன்ராஜ், கூடலூருக்கும் குமுளிக்கும் இடையே மூன்று ஜீப் ஓட்டுகிறவர். போட்டோ எடுப்பதெல்லாம் ஒரு தொழிலா என்பது அவர் கட்சி. மலர் சாப்பிடாமல் கிடந்து (இரண்டு வேளைதான், மூன்றாம் வேளை வீட்டில் கறிக்குழம்பு) அவரை ஒரு சமரசத்துக்குக் கொண்டுவந்தாள். ஆனி மாதம் அவள் அக்காவுக்குக் கல்யாணம். அதற்கு நான் போட்டோ எடுக்க வேண்டும். ஆல்பம் நன்றாக இருந்தால் எங்கள் பேச்சை எடுக்கலாம்; இல்லையென்றால் எடுக்கவே கூடாது.

"தம்பி, ஜீப்பு வாங்கும்போதே பானெட்டத் தெறந்து எஞ்சினப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸு குடுப்பேன்," என்றார் பவுன்ராஜ். "பொண்ணு குடுக்கும்போது பாக்காம இருப்பேனா? ஆல்பத்தக் கொண்டா, பேசுவோம்."

கல்யாணத்தன்று நான் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். அதில் ஒன்று எனக்கு உயிர். தாலி கட்டி முடிந்து ஊரே ஆசீர்வதிக்க மேடையில் ஏறிக்கொண்டிருந்தபோது, பவுன்ராஜ் மட்டும் வாசல் பந்தலில் கட்டியிருந்த வாழை மரத்துக்குப் பின்னால் போய் நின்று, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசை நடுங்கியது. நான் தூரத்தில் இருந்தபடி லென்ஸை இழுத்து எடுத்தேன். அவர் பார்க்கவில்லை. இந்த ஒரு படத்துக்காகவே பெண்ணைக் கொடுப்பார் என்று எனக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது.

அடுத்து, இந்தப் படங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். தேனியில் எனக்குத் தெரிந்த போட்டோகிராபர் அண்ணன் ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்து, ஒரு வளைகாப்பு முழுக்கக் காணாமல் போயிருந்தது. மறுபடி நடத்தவும் வழியில்லை, குழந்தை பிறந்து எல்கேஜி போய்விட்டது. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு மேஜையைக் கண்டாலே பயம். பவுன்ராஜும், ஆடி கழிந்து ஆவணியில்தான் படம் பார்க்க வருவேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை படங்களைக் காக்க நல்ல பேக்கப் சாப்ட்வேர் ஒன்று தேடினேன். நல்ல என்றால் இலவசமான என்று பொருள்.

நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். முதல் சாப்ட்வேருக்கு வருடச் சந்தா. அடித்தேன். இரண்டாவது பதினைந்து நாள் இலவசம், பதினாறாம் நாள் கார்டில் கை வைப்பான். அடித்தேன். மூன்றாவது முழு இலவசம், ஆனால் பொத்தான்கள் எல்லாம் ஏதோ ஐரோப்பிய பாஷையில் இருந்தன. அதைக்கூட உடனே அடிக்க மனம் வரவில்லை. அந்த பாஷையைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று விசாரித்துவிட்டுத்தான் அடித்தேன். இப்படி இரண்டு வாரம். அந்த நேரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, படங்களைப் போட்டு, பீரோவில் பூட்டி, சாவியைத் தொலைத்து, அதைக் கண்டுபிடித்தும் இருக்கலாம்.

கடைசியில் சிக்கியது ஒன்று. இரண்டு ஜிபி இடம் இலவசம். புதிதாக ஓர் ஆளைச் சேர்த்து உங்கள் போல்டரை அவரோடு பகிர்ந்தால், ஆளுக்கு ஒரு ஜிபி மேற்கொண்டு இலவசம். எனக்குத் தேவை இருபது ஜிபி. அதாவது பதினெட்டு ஆட்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு மொட்டை போட்டாலே ஐம்பது பேர் வருவார்கள், பதினெட்டுக்கா பஞ்சம்?

வண்டியை எடுத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் காபி. "போனக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, நானே எல்லாவற்றையும் அமுக்கிக் கொடுத்தேன். தேவாரம் ஊரில் இருக்கும் வீரலட்சுமி அத்தை மட்டும்தான் கேள்வி கேட்டாள்.

"ஏலே மருமகனே, இதுக்குள்ள என்னடா இருக்கு?"

"ஒண்ணும் இல்லத்தே. அது பாட்டுக்கு இருக்கும். நீங்க தொட வேணாம்."

"தொட வேணாம்னா எதுக்குடா என் போன்ல போடுற?"

அந்த சாப்ட்வேரைப் பற்றி அன்று கேட்கப்பட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரைச் சேர்க்கும்போதும் சாப்ட்வேர் என்னிடம் ஒன்று கேட்டது: இவர் படங்களைப் பார்க்க மட்டும் செய்யலாமா, அல்லது முழு உரிமை தரலாமா? முருகேசன் சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வீரபாண்டித் திருவிழா காட்டியவர். அவரைப் போய் "பார்க்க மட்டும்" என்று ஓரமாக உட்கார வைப்பதா? நாளைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? அவருக்கு முழு உரிமை கொடுத்தேன். அவருக்குக் கொடுத்துவிட்டு அத்தைக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? மரியாதை விஷயத்தில் நம் பக்கம் குறை வரக்கூடாது என்று பதினெட்டுப் பேருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டு வந்தேன்.

படங்கள் ஏறின. திரையின் மூலையில் 1812 என்று எண் வந்தது. மறுநாள் காலை பார்த்தால் 1790. கொஞ்ச நேரத்தில் 1771. எனக்குப் புல்லரித்தது. மீதி ஏற வேண்டிய படங்களின் எண்ணிக்கை அது என்று முடிவு செய்தேன் (யாரும் சொல்லவில்லை, என் சொந்த அறிவு). மதியம் ஒரு மணிக்கு எண் அப்படியே நின்றது, மூன்றரைக்கு மறுபடி இறங்கியது. மலர் போனில் ஏன் என்று கேட்டாள். "மத்தியான நேரம் சர்வர்ல கூட்டமா இருக்கும்" என்று விளக்கினேன். இரண்டு நாள் இந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் 1140-லிருந்து ஒரே தாவலில் பூஜ்யம். கை தட்டினேன். ஸ்டூடியோவில் என்னைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் தட்டினேன்.

"மலரு, முடிஞ்சிருச்சு. ஒரு படம்கூட பாக்கி இல்ல," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன அப்பட்டமான உண்மைகளில் அது ஒன்று.

அந்த சந்தோஷத்தில் மெமரி கார்டுகளைத் துடைத்துவிட்டு, ஆடி மாதம் முழுக்க இரண்டு காதுகுத்து, ஒரு கிடாவெட்டு என்று அவற்றிலேயே எடுத்துத் தள்ளினேன்.

ஆவணி பிறந்தது. பவுன்ராஜ் போன் செய்து, "நாளைக்குக் காலைல வாரோம் தம்பி, படத்தையெல்லாம் எடுத்து வையி" என்றார். அன்று மதியம் போல்டரைத் திறந்தேன். 'இங்கு எதுவும் இல்லை' என்றது. மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். ஸ்டூடியோவை ஒருமுறை பூட்டித் திறந்துகூடப் பார்த்தேன். எதுவும் இல்லை.

பிறகுதான் அந்த சாப்ட்வேரின் முதல் பக்கத்தைப் படித்தேன். அது பேக்கப்பே இல்லை. பகிர்ந்த போல்டரில் யார் எதை அழித்தாலும் எல்லாரிடத்திலும் அழியும், என் கம்ப்யூட்டர் உட்பட. அழிந்ததை மீட்கப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். மலரை நினைத்து அழுகையே வந்தது. சேர்த்த வரிசையிலேயே ஒவ்வொருவராகப் போன் போட்டேன். நான்காவது போன் முருகேசன் சித்தப்பாவுக்கு.

"அந்த போட்டோவா? நாந்தானப்பா அழிச்சேன்," என்றார் பெருமையாக. "வாழை எலையில புள்ளி விழுந்திருக்கு, மருந்துக்கடைக்குப் படம் எடுத்து அனுப்பலாம்னா போன்ல எடமில்லைங்குது. என்னடானு பாத்தா யாரோ கூடலூர்க்காரக கல்யாணம்! ஒண்ணொண்ணா அழிச்சேன் பாத்துக்க. ரெண்டு நாளு. சாப்புட்டுத் தூங்குற நேரம் போக அதே வேலதான். பெருவெரலு வீங்கிப்போச்சு. அப்புறம் எம் மக கவிதா வந்துதான் மொத்தமா அழிக்க வழி சொல்லிக் குடுத்துச்சு."

"சித்தப்பா, அழிக்கவானு ஒரு தடவ கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சே. 'எல்லாருக்கும் அழிக்கவா'னு கேட்டுச்சு. நமக்கு மட்டும் எடம் கெடைச்சாப் போதுமா, எல்லாருக்கும் கெடைக்கட்டுமேனு ஆமானு அமுக்கிட்டேன்."

இவ்வளவு நல்ல மனசை என்னவென்று திட்டுவது? போனை வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்தால் எதுவும் கீழே விழாது.

சாயங்காலம் போன் கிர்ரென்றது. எங்கள் குடும்பக் குரூப். காலையிலும் மாலையிலும் அத்தை அனுப்பும் வணக்கப் படங்களுக்குப் பயந்து நான் வருடக்கணக்காக அதைத் திறப்பதே இல்லை. அன்று விரல் தவறிப் பட்டுத் திறந்துகொண்டது. சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் 'இனிய மாலை வணக்கம்', அதற்குப் பின்னால் மலரின் அக்காவும் மாப்பிள்ளையும் மாலையோடு!

மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஆடி முழுக்க அத்தை அந்தக் கல்யாணத்தைத்தான் அனுப்பியிருந்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று படங்கள். போன் போட்டேன்.

"அத்தே, எழுத்துப் போடாத படம் இருக்கா?"

"நீ போட்டுட்டுப் போன அன்னைக்கே புடிச்சதத் தனியா எடுத்து வச்சுக்கிட்டேன். எழுத்துப் போட்டதும் பழச அழிச்சிருவேன்டா. போன்ல எடம் வேணாமா? எம்புட்டு லட்சணமான மொகம் ஒவ்வொண்ணும்! வெறும் மொகமாவா அனுப்புறது?"

மறுநாள் பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. பவுன்ராஜ், அவர் மனைவி, பின்னால் மலர். நான் இரவெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு 'வாங்க' என்பதோடு முடிந்துபோனது. படத்தைப் போட்டேன். தாலி கட்டும் படம். மேலே குத்துவிளக்கு, கீழே 'ஆடி வெள்ளி நல்வாழ்த்துகள்'.

"கல்யாணம் ஆனிலதான நடந்துச்சு?" என்றார் பவுன்ராஜ்.

அடுத்த படம். "ஏங்க, சம்பந்தியம்மா தலைக்கு மேல டீ கிளாஸு பறக்குது," என்றார் அவர் மனைவி. அடுத்தது பந்தி: ரசம் ஊற்றுகிறவர் முதுகில் 'இன்றைய பொழுது இனிதாகட்டும்'. மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

கடைசிப் படம். வாழை மரத்துக்குப் பின்னால் பவுன்ராஜ், கண்ணில் துண்டு. இரு பக்கமும் இரண்டு கிளிகள். கீழே கொட்டை எழுத்தில்: 'காலை வணக்கம்! கவலையை மறந்து புன்னகையுடன் தொடங்குங்கள்.'

பவுன்ராஜ் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க அழுதீகளா?" என்றார் அவர் மனைவி மெதுவாக. "எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"இத எப்பப்பா எடுத்த?" என்றார் பவுன்ராஜ்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோட்டு, பதினெட்டுப் பேர், முழு உரிமை, மூலையில் இறங்கிய எண், கை தட்டியது. "மத்ததெல்லாம் போச்சுங்கய்யா. இவ்வளவுதான் மிச்சம்." சித்தப்பாவின் பெருவிரலைச் சொல்லும்போது அவர் மீசை மறுபடி நடுங்கத் தொடங்கியது. 'எல்லாருக்கும் எடம் கெடைக்கட்டுமே' என்ற இடத்தில் மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு. கண்ணில் நீர் வழியும் சிரிப்பு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற மலரும் அழவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எஞ்சினு நல்லாருக்கு," என்றார் மனைவியிடம், என்னைக் காட்டி. "பிரேக்குதான் சுத்தமா இல்ல. அத நம்ம பொண்ணு பாத்துக்கிரும்."

எங்கள் கல்யாணத்துக்குத் தேனி அண்ணன்தான் படம் எடுத்தார். அதை மூன்று ஹார்ட் டிஸ்கில் போட்டோம். ஒன்று மாமனாரின் பீரோவில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க மட்டும்தான் உரிமை. மலரின் அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நாற்பத்து மூன்று படங்களை வைத்தே ஆல்பம் போட்டுக் கொடுத்தேன். பிற்பாடு அவள் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய முதல் புத்தகம் அதுதான்.

அந்தக் கிளிப் படம் கூடலூர் வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. எழுத்தை எடுத்துவிட்டு மாட்டலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மாமனார் தொடவிடவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நாங்கள் போய் இறங்கினாலும் சரி, வாசலிலேயே நின்று அக்கம்பக்கம் கேட்கக் கூப்பிடுவார்: "காலை வணக்கம் மாப்ள!"

நானும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "காலை வணக்கம் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன்.