ஏழு பை வைத்த சட்டை

மனிதர்களில் 'தன் ஸ்டைலைக் கண்டுபிடித்தவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தீபாவளிக்கு மனைவி எடுத்துத் தந்த சட்டையை அடுத்த தீபாவளிவரை போட்டுக்கொண்டு நேற்றுவரை நிம்மதியாக இருந்தவர், திடீரென்று ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "இது நான் இல்லை" என்பார். பின்னே யார்? அதைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பதில் சொல்லுவார்.

சிரம்பானில் தெமியாங் பக்கம் குடியிருக்கும் இராஜமாணிக்கத்துக்கு அந்தக் காலை நாற்பத்தேழாவது வயதில் விடிந்தது. நீலாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். நல்ல மனிதர். லோரிக்காரர்களிடம்கூடக் குரலை உயர்த்த மாட்டார். மனிதன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் உடுப்பு பேசிவிடுகிறது என்று கைப்பேசிக் காணொளியில் யாரோ ஒருவன் சொல்லப்போக, இத்தனை வருஷமும் தான் ஊமையாகவே திரிந்துவிட்டதாக அவருக்குப் பட்டுவிட்டது.

முதலில் கறுப்பு. கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு. சிரம்பான் வெயிலில் ஒரு மாதம் வெந்தார். ஒரு கல்யாண மண்டப வாசலில் பெண்ணின் தாய்மாமன் வந்து அவர் கையில் கார் சாவியைக் கொடுத்து, நிழலாகப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நிறுத்திவிட்டு வந்ததோடு கறுப்பு முடிந்தது.

பிறகுதான் காக்கி. பழைய காலத்து வேட்டைக்காரர்கள் படத்தில் இருப்பார்களே, அந்த உடுப்பு: பை பையாகத் தைத்த சட்டை, முட்டிவரை கால்சட்டை, அதைத் தொட்டுவிடத் துடிக்கும் காலுறை, பூட்ஸ், அகல விளிம்புத் தொப்பி. காணொளிக்காரன் அதற்கு 'ஹெரிடேஜ்' என்று பெயர் வைத்திருந்தான். பாரம்பரியம். யாருடைய பாரம்பரியம் என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ரஹாங்கில் தையல் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீத் அந்தப் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். காட்டிலாகாவுக்கு வேலை மாறிவிட்டதா என்று விசாரித்தார். இது தன் தனிப்பட்ட ஸ்டைல் என்று இராஜமாணிக்கம் விளக்கியதும், அளவெடுத்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார்.

"ஏழு பை இருக்கு தம்பி. என்ன வைக்கப் போறீங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஒன்றில் கைப்பேசி, ஒன்றில் கண்ணாடி, மீதி ஐந்தும் அழகுக்கு. கைப்பேசி மணியடித்தால் போதும், மனிதர் தன் உடம்பை ஏழு இடத்தில் தட்டிக்கொண்டு நிற்பார்.

மோகனா இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு மனைவி. எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும்போது மட்டும், அன்றைக்காவது வேட்டி கட்டிக்கொள்ளலாமே என்றாள்.

"கோயிலுக்கு ஒண்ணு, வேலைக்கு ஒண்ணுன்னா அதுக்குப் பேரு ஸ்டைல் இல்ல மோகனா" என்றார் அவர்.

அவர் பிறந்த தோட்டம் அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. கோயிலும், தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு வரிசை லயமும் மிச்சம். பூட்ஸைக் கழற்றாமல் கோயிலுக்குள் போக முடியாது. ஒரு பூட்ஸுக்குக் கயிறு கோத்த கண்கள் பதினாறு. அதனால் முதலில் வெளிப் பந்தலில் நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு வரலாம் என்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கு எதிரே கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், சடாரென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. மடித்துக் கட்டியிருந்த வேட்டி இறங்கியது. ஓரமாக ஒதுங்கி, முதுகை வளைத்து நின்றார்.

"வாங்க தொரை" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நொடி இராஜமாணிக்கத்துக்கு இனித்தது. இதுவரை எந்தச் சட்டைக்கும் யாரும் எழுந்து நின்றதில்லை.

அடுத்த நொடியில் முகம் தெரிந்தது. பெரியப்பா மணியம். இந்தத் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அப்பா செத்த பிறகு இவருக்கு வருஷா வருஷம் பள்ளிக்கூடச் சட்டை எடுத்துக் கொடுத்தவர். இரண்டு கண்ணிலும் புரை.

"பெரியப்பா, நான் மாணிக்கம்" என்றார்.

"அட, நீயா? கண்ணு தெரியலடா. நம்ம பழைய தொரைதான் வந்துட்டாரோன்னு நெனச்சேன்" என்று கிழவர் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். கையால் சட்டையைத் தடவிப் பார்த்து, துணி நல்ல துணி என்றார். ஆனால் அந்தத் துண்டு இன்னும் அவர் கையிலேயே இருந்தது, தோளுக்குத் திரும்பவில்லை.

இராஜமாணிக்கம் அதைத் தானே வாங்கி அவர் தோளில் போட்டார். பிறகு பந்தல் மண்ணில் அப்படியே உட்கார்ந்து, முப்பத்திரண்டு கண்ணிலிருந்தும் கயிற்றை உருவினார். வெகுநேரமானது. மோகனா காருக்குப் போய், பைக்குள் மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து வந்து நீட்டினாள். அன்று சாயங்காலம்வரை அவர் வேட்டியும் பனியனுமாக அன்னதானக் கூடத்தில் சோற்று வாளி தூக்கினார். பெரியப்பாவுக்கு இரண்டு தரம் பரிமாறினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவர் திருந்திவிட்டார் என்று நாமும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். முடியவில்லை. பத்தொன்பது நாள் கம்பெனி டீ-சட்டையில் அடங்கிக் கிடந்தார். இருபதாம் நாள் மோகனா அறைக்குள் வந்தபோது கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கைத்தறி வேட்டி, பித்தான் இல்லாத பனியன் மாதிரி ஒரு சட்டை, மணிக்கட்டில் செப்புக் காப்பு.

"இதுதான் நம்ம அசல்" என்றார். "இதுல நான் நானா இருக்கேன்."

மோகனா கட்டிலில் உட்கார்ந்தாள். நாளைக்கு லோரி வரும்போது ஸ்டோரில் இதைக் கட்டிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட்டில் எப்படி ஏறுவீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக் காட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஊதா எனக்கு ஒத்து வராது என்று போன வாரம் கடைக்காரப் பெண்ணிடம் அடித்துச் சொன்னது யார்? சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பதா, மூன்றா என்று காலையில் கண்ணாடியைக் கேட்டது யார்? பயப்படாதீர்கள், உங்களுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. எல்லாரும் சொல்லுவார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுவிடுவீர்கள்.