வேனை நிறுத்திப் பூமியைக் குளிர்வித்த வரலாறு

பூமியின் சூடு எங்கள் உப்புக் கம்பெனியின் ஏ.சி. அறையில்தான் குறையத் தொடங்கியது என்பதை வருங்காலம் மறக்காது. வந்திருந்தோர்: தலைமை நாற்காலியில் மேலாளர் பால்துரை, அவருக்கு வலப்புறம், குளிர்காற்று நேராக விழும் இடத்தில், போக்குவரத்து அதிகாரி ஜெபசிங், எதிரே கணக்கர் ஷெர்லின், கதவோரம் நின்றபடி உப்பளத் தொழிலாளி தேவகனி, மூலையில், கடிதம் எழுத, நான். வெளியே பால்துரையின் கார், இருக்கை சூடாகிவிடக் கூடாதே என்று, ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பொருள்: 'பசுமை நிறுவனம்' விருதுக்காகப் புகையைக் குறைப்பது.

ஷெர்லின் கணக்கை வாசித்தார். ஆண் அதிகாரிகள் ஆளுக்கொரு காரில் வருகிறார்கள். ஜெபசிங் அளத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸிலிருந்தே காரில் வருகிறார், சட்டையில் உப்புத்தூசி படாமலிருக்க. அளத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே வேனில் நெருக்கியடித்து வருகிறார்கள். ஆகவே புகையில் பெரும்பங்கு ஆண்களுடையது.

அவை இதைக் கவலையோடு பரிசீலித்தது. கார்கள் அவரவர் சொந்தம், அவற்றின் புகையும் அவரவர் 'அந்தரங்கம்' என்று ஜெபசிங் தெளிவுபடுத்தினார். கம்பெனி பெயரில் ஓடுவது பெண்களின் வேன் மட்டுமே. எனவே கம்பெனியின் புகை முழுவதும் பெண்களுடையது. ஷெர்லின் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மாமியாருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வருவதும் 'தேவையற்ற சுற்றல்' என்று குறிப்பில் ஏறியது.

மறுநாள் முதல் வேன் இல்லை என்று தீர்மானமாயிற்று.

விடியுமுன் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பிந்தி வருகிறவருக்கு அன்றைக்கு வேலையும் கிடையாது.

"வெயிலுக்கு முந்தி அளத்துல நிக்கணும். வேன் இல்லன்னா எப்படி அண்ணாச்சி வாரது?" என்றார் தேவகனி.

"நடந்து வா தாயி. உடம்புக்கு நல்லது" என்றார் பால்துரை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. உங்க கார் காலியாத்தான வருது? கொஞ்சம் வெள்ளன எடுத்தா நாலு பேர் ஏறிக்கிடுவோம்."

பால்துரை பொறுமையிழக்கவில்லை. "ஆள் ஏறுனா எடை கூடும். எடை கூடுனா புகை கூடும்லா."

இந்த அறிவியலைக் கேட்டதும் ஷெர்லின் கால்குலேட்டரை அணைத்துப் பைக்குள் போட்டார்.

'எங்கள் மகளிர் தாமே முன்வந்து நடக்கிறார்கள்' என்று விருதுக் குழுவுக்கு எழுதினேன். தேவகனி எப்படியும் நடக்கத்தானே போகிறார், தபால்பெட்டியில் அவரே போட்டுவிட்டால் அஞ்சலும் புகையில்லா அஞ்சலாகும் என்றார் ஜெபசிங்.

உறையை ஒட்டிக் கொடுத்தேன்.

"உள்ள என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் தேவகனி.

"நீங்களா விருப்பப்பட்டு நடக்கீங்கன்னு."

அவர் உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வெயிலில் இறங்கினார். பூமியைக் காத்தவர்கள் என்று அதனுள் இரண்டு பெயர்கள் இருந்தன. இருவரும் இதுவரை தபால்பெட்டி வரைகூட நடந்ததில்லை.