நைனா பல்லைக் கடித்த மூன்று நிமிடம்

சித்தூர்,
செவ்வாய்க்கிழமை.

சபையார் முன்னிலையில் எனக்கு மாமாவாகப்போகிற அனில் மாமாவுக்கு, ஒன்பதாம் வகுப்பு அபிகாயில் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், ஹன்னா அத்தையைத் தவிர. நீங்கள் போனை எடுக்காததால் அத்தை சாப்பிடுவதே இல்லை.

ஞாயிறன்று சர்ச்சில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தபோது என்னைப் பெற்ற நைனா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கோபத்தால் அல்ல, மாமா. அது என் சோதனை! வரும் சனிக்கிழமை திருப்பதியில் அறிவியல் கண்காட்சி. பல்லை அழுத்திக் கடித்தால் தாடைத் தசை புடைத்து, உள்ளேயிருக்கும் ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. ரத்தம் குறைந்து தசை நடுங்குகிறது. விட்டதும் ரத்தம் அணை திறந்த மாதிரி பாய்ந்து கன்னம் சுடுகிறது. எவ்வளவு அற்புதம்! இதற்கு மூன்று நிமிடம் வாய் திறக்காத ஆள் வேண்டும். நைனாவோ மாங்காய் மண்டியில் ஏலம் விடுகிறவர். அவர் வாயை மூடுவது சர்ச்சில் மட்டும். அதனால் புடைப்பை அளக்க அவர் கன்னத்தில் இரண்டு மைப்புள்ளி வைத்து, கொரோனா காலத்து வெப்பமானியைப் பைபிளுக்கு அடியில் மறைத்துக்கொண்டு, அறிவிப்பு நேரத்தில் சும்மா இருக்கும் தாடையை அளந்துவிட்டு, "இப்ப கடி நைனா" என்று கிள்ளினேன். வாசிக்கிறது உங்க ஓலைன்னு கடிகாரத்தையே பாத்துக்கினு இருந்த எனக்கு எப்படித் தெரியும்?

"இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டா?" என்றார் போதகர். சபையே நைனாவைப் பார்த்தது. முகம் சிவப்பு, தாடையில் எலுமிச்சம்பழம் அளவு மேடு. "கிருபானந்தம், ஏதாவது சொல்லணுமா?" நைனா சொன்ன சொல் தவறாதவர். இன்னும் நாற்பது விநாடி பாக்கி. பொறுங்கள் என்று ஒரு விரலைத் தூக்கினார்.

"பொண்ணோட அண்ணனுக்கே இஷ்டமில்ல. பதரா, போலாம்!" என்று உங்கள் அம்மா எழுந்துவிட்டார். நைனா பல்லை விட்டதும் கன்னத்தில் ஒன்றரை டிகிரி ஏறியது. அதற்குள் நீங்கள் ஆட்டோ ஏறிவிட்டீர்கள். அன்று சாயங்காலம் நீங்கள் ஒரே ஒரு தடவை போனை எடுத்தபோது அவர் உறுமியதும் வாய் வலிதான், மாமா. இட்லியைக்கூட மோரில் கரைத்துக் குடித்தார்.

"உன் சோதனையில இடி விழ! நீயே எழுதிச் சொல்லு" என்கிறார் அத்தை. சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு இரண்டாம் ஓலைக்கு வந்துவிடுங்கள். நாயுடுபேட்டையில் உங்கள் வீட்டார் எல்லாருக்கும் சமாதானம் பெருகட்டும்.

இப்படிக்கு,
அபிகாயில்

பின்குறிப்பு: அட்டவணையைப் படியெடுக்கும்போதுதான் கவனித்தேன். சும்மா இருக்கும் தாடை என்று நான் குறித்த புள்ளி இடைவெளியே கடித்த தாடையின் அளவுக்கு இருக்கிறது. கிள்ளுவதற்கு முன்பே நைனா கடிக்கத் தொடங்கிவிட்டார்! விசாரித்தேன். "தங்கச்சி பேரைப் படிச்சதும் அழுகை வந்துடுச்சிம்மா. மண்டி ஆளுங்க பாத்தா இன்னா ஆவறது? கடிச்சிக்கினேன்" என்றார். ஆகையால் என் சோதனை செல்லாது. கல்யாணத்தன்றும் இதே முகம்தான் இருக்கும். உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.