ரங்கூனின் முதல் மாடு

ரங்கூன் நகரத்தை நிறுவியது யார் என்று கேட்டால் படித்தவர்கள் ஒரு ராஜாவின் பெயரைச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் அதிகம் படித்தவர்கள் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரைச் சொல்வார்கள். இரண்டும் சுத்தப் பிசகு. நிறுவியது ஒரு பசுமாடு. இதை எனக்கு ஆதாரத்தோடு சொன்னவர் அந்த மாட்டின் வாரிசு. அதாவது, மாட்டுச் சொந்தக்காரரின் மகன். ஆனால் அவர் தம்மை மாட்டின் வாரிசு என்றுதான் சொல்லிக்கொள்வார்; நாமும் மரியாதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் லத்தாப் பேட்டைக்கு வடக்கே, ரயில் பாதையைத் தாண்டி அவருடைய மாட்டுப்பட்டிக்குப் பால் வாங்கப் போன எல்லோருக்கும் அவர் முதல்மாட்டுக்காரர். நானும் அந்தப் பெயரோடு திருப்திப்பட்டுக்கொண்டேன். சொந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாததால் என் உத்தியோகமே ஊசலாடும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

அவரிடம் ஒரு செம்பு பால் வாங்கினால் இரண்டு செம்பு சரித்திரம் இலவசம். சரித்திரம் முடியாமல் பால் வராது. மடியில் கை வைத்தபடியே ஆரம்பிப்பார்.

"தம்பி, ரங்கூன்ல தெரு அம்புட்டும் ஏன் நேரா இருக்கு, தெரியுமா?"

"வெள்ளைக்காரன் கயிறு புடிச்சு அளந்து போட்டான்னு சொல்றாங்க."

"அந்தக் கயிறு யாரு கயிறு? எங்கப்பா கப்பல்ல கொண்டாந்த மொத மாட்டோட தும்புக் கயிறு! இங்க அப்ப ஏது கயிறு, எல்லாம் சேறு. எங்க மாடு நேரா நடந்துச்சு. பின்னாலயே அவன் கோடு போட்டுக்கிட்டு வந்தான். எங்க மாடு மட்டும் கோணல்மாணலா நடந்திருந்தா, இன்னிக்கு சூலே பயாக் கோயிலுக்கு வழி கேட்டுக்கிட்டு அலைவீங்க!"

எதிர்த்துப் பேசினால் பாலில் நுரை அதிகமாகிவிடும் என்பதால் யாரும் பேசுவதில்லை. லத்தாவில் டீக்கடை வைத்திருந்த சீனர் ஒருவர் மட்டும் கொடுத்துவைத்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. இங்கே பால் கறப்பதற்கு இப்படி ஏதோ மந்திரம் ஓதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, கடைசி வரை பயபக்தியோடு நின்று வாங்கிப் போவார்.

பட்டியின் நடுவில் ஒரு கட்டுத்தறி. சேற்றில் அவருடைய தகப்பனார் முதன்முதலில் அடித்த தேக்குக் கம்பம். அதில் எந்த மாட்டையும் அவர் கட்ட விடமாட்டார். அதன் உச்சியில் முதல் மாட்டின் வெண்கல மணி. பக்கத்தில் அடி ஓட்டையான பித்தளைத் தவலை, முதல் பால் கறந்தது. சிமெண்டில் ஒரு குளம்படி வேறு இருந்தது. முதல் மாட்டின் காலத்தில் ரங்கூனில் சிமெண்டு ஏது என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அதோடு இரண்டு நாள் எனக்குப் பால் கிடைக்கவில்லை.

அவரை நான் முதலில் பார்த்ததே ஒரு கலவரம். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து கப்பலை விட்டு இறங்கி நாலு நாள் ஆகியிருந்தது. கையில் செம்போடு போய் நிற்கிறேன். தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டு, வாயருகே புல்லை நீட்டி, "சா... சா... என் கண்ணுல்ல, சா..." என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கே போனேன்.

"ஏங்க, பச்சைக் கன்னுக்குட்டியப் போயி சா சாங்கிறீங்களே!"

"தம்பி ஊருக்குப் புதுசா? பர்மாச் சொல்லு தம்பி. சான்னா தின்னுன்னு அர்த்தம். தாய் நம்ம சீமையிலேர்ந்து வந்தவ, அவளுக்குத் தமிழு. இவ இங்க பொறந்தவ. நாளைக்கு நாலு எடம் போய்ப் பொழைக்க வேணாமா?"

அவருடைய மனைவி மா மியா பர்மியப் பெண்மணி. ஆற்றுக்கு அப்பால் உள்ள கியாக்தான் என்ற ஊரில் பிறந்தவர். பட்டியை உண்மையில் நடத்தியவர் அவர்தான். தமிழும் அவருக்குத்தான் சுருக்காக வரும். பர்மியர் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் "கோ" போடுவார்கள் அல்லவா? அந்த அம்மாளும் மரியாதை குறையாமல் கணவரைக் "கோ மாடு" என்று கூப்பிடுவார். தமிழில் கோ என்றாலும் மாடுதான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. தெரிந்தே கூப்பிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டியில் பதினெட்டு மாடு. யாராவது குடும்பத்தைப் பற்றி விசாரித்தால் முதல்மாட்டுக்காரர், "நாங்க இருபது பேரு" என்பார். கேட்டவர்கள் மா மியாவை இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

நான் வேலை பார்த்தது ரங்கூனில் கியாக்டடாப் பேட்டையில் ஓர் ஆபீஸில். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். தமிழில் வரும் மனுக்களை இங்கிலீஷில் பெயர்ப்பது என் வேலை. அந்த வருஷம், நகரத்துக்குள் இருக்கும் மாட்டுப்பட்டிகளை எல்லாம் இடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுகாதாரம். நோட்டீஸ் ஒரு மேஜையிலிருந்து போகும். அதற்கு வரும் மனு வேறொரு மேஜைக்கு வரும். இரண்டு மேஜைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரு சாயங்காலம், கிளம்பும் நேரத்தில், என் மேஜைக்கு இப்படி ஒரு மனு வந்தது:

"ஐயா அவர்கள் சமுகத்துக்கு. இது எங்கள் தகப்பனார் போட்ட தொழு. ரங்கூனில் தமிழர் போட்ட முதல் தொழு இதுவே. லட்சுமி, காமாட்சி, மீனாட்சி எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். காலையும் மாலையும் பதினெட்டுப் பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள். மணி இருக்கிறது. இதை இடித்தால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை."

கீழே நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயர்.

நீங்களே சொல்லுங்கள், இதை நான் எப்படிப் புரிந்துகொள்வது? எங்கள் பக்கத்தில் மாடு கட்டும் இடத்துக்குக் கொட்டில் என்று பெயர். ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்தார் அதைத் தொழு என்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த தொழு எல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிற தொழுதான். அம்மன்கள் மூன்று பேர், அடியார்கள் பதினெட்டுப் பேர், மணி வேறு! "ரங்கூன் தமிழரின் முதல் வழிபாட்டுத் தலம்" என்று முத்து முத்தாக இங்கிலீஷில் எழுதினேன். எழுதும்போது எனக்குக் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

மனுவில் மருந்துக்குக்கூட மாடு என்ற சொல் இல்லாதது மா மியாவின் வேலை என்று பிற்பாடு தெரிந்தது. "அவுங்க வெரட்டுறதே மாட்டைத்தான். மாடுன்னு எழுதாதே கோ மாடு" என்று வரிக்கு வரி அடித்திருக்கிறார்.

எங்கள் துரை நல்ல மனிதர். பழைய இடம் என்றால் உருகிவிடுவார். அன்றைக்கே, எதற்கான நோட்டீஸ் என்றுகூடப் பார்க்காமல் அதை ரத்துசெய்து, "புராதனச் சின்னமாகப் பாதுகாக்கப்படும்" என்று உத்தரவெழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். அதோடு விட்டாரா? "நாளைக் காலையில் போய்ப் பார்ப்போம். நீயும் வா" என்றார்.

குதிரைவண்டி லத்தாவைத் தாண்டி, ரயில் பாதையையும் தாண்டித் திரும்பியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. வண்டி நான் பால் வாங்கிப் பழகிய வாசலில் போய் நின்றது. உள்ளேயிருந்து மீனாட்சி "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

துரை அதைக் கவனிக்கவில்லை. பயாவுக்குள், அதாவது புத்தர் கோயிலுக்குள், வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் போட்டுப் போகிறார்கள் என்று ஊரே கொதித்து அடங்கியிருந்த சமயம் அது. ஆகவே அவர் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்தியோடு உள்ளே காலடி வைத்தார். வைத்த இடத்தில் காமாட்சி சற்றுமுன்தான் சாணி போட்டிருந்தாள்.

அசையாமல் நின்றபடி அவர் கேட்டார்: "இங்கே எந்தத் தெய்வம்?"

அதைத் தமிழில் கேட்டேன். மா மியா என் முகத்தைப் பார்த்தார், துரையின் வெறுங்காலைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார்.

"லட்சுமின்னு சொல்லு கிளார்க்கு. பொய் இல்லியே? அதோ நிக்கிறா."

முதல்மாட்டுக்காரருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "தெய்வத்த ஏன் கேக்குறாரு? தம்பி, மனுவுல என்னன்னு எழுதினே?"

தணிந்த குரலில் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"கோயில்னா எழுதினே?"

"மப்யோநே!" என்று மா மியா பல்லைக் கடித்தார். பேசாதே என்று அர்த்தம். வாழ்நாளில் எப்போதாவது அவருடைய கணவர் பேசாமல் இருந்திருந்தால் அல்லவா இப்போது இருப்பார்?

"எங்கப்பா கோயில் கட்ட இங்க வரல தம்பி. மாடு கட்ட வந்தாரு. ரயிலுக்கு மண்ணு வெட்டுனவன், கப்பல்ல மூட்டை தூக்குனவன், அம்புட்டுப் பேரு புள்ளைகளும் குடிச்ச மொதப் பாலு இங்கதான் கறந்தது. அது பத்தாதா? அதுக்கு மேல ஒரு கோயில் வேசம் போட்டாத்தான் நிக்க விடுவாங்களா? உள்ளதச் சொல்லு."

"சொன்னா இடிச்சிருவாங்க அண்ணே."

"இடிக்கட்டும். தொழுவா இடியட்டும்."

சொல்லும்போது அவர் கை கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மணி லேசாக ஆடியது. அந்த மனிதரிடம் நான் கேட்ட சரித்திரத்தில் முக்கால்வாசி புளுகு. ஆனால் அந்தப் பட்டியே போய்விடும் என்ற நிலையில் ஒரே ஒரு புளுகு சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் உத்தியோகம் போனாலும் போகட்டும் என்று துரையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

துரை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மா மியா காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தமா?"

"ஆமாம்."

"அவர் இவ்வளவு நேரம் என்ன சொன்னார்?"

ஒரு சொல் விடாமல் பெயர்த்துச் சொன்னேன். என் உத்தியோகத்தில் நான் பிழையில்லாமல் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். துரை எழுந்து போய் அந்தக் கம்பத்தின் மேல் கை வைத்தார்.

"மாடு நகரத்துக்குள் இருக்கக்கூடாது. அது உத்தரவு. இந்த இடத்தை இடிக்கக்கூடாது. அதுவும் உத்தரவு, என் கையெழுத்தோடு மேலே போய்விட்டது. இரண்டும் நடக்கட்டும். ஒரு நகரத்துக்கு முதல் பால் எங்கே கறந்தது என்று நாலு பேருக்குத் தெரிந்திருப்பதில் தப்பில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்னை என்ன செய்வது என்று நாளைக்குச் சொல்கிறேன்."

அந்த நாளை கடைசி வரை வரவேயில்லை.

பதினெட்டுப் பேரும் மா மியாவின் ஊருக்குப் போவதென்று முடிவாயிற்று. கியாக்தானில் புல்லுக்குப் பஞ்சமில்லை. புறப்பட்ட காலையில் நானும் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு நின்றேன். முதல்மாட்டுக்காரர் ஒவ்வொன்றின் காதிலும் ஏதோ சொன்னார், பெரியவர்களுக்குத் தமிழில், குட்டிகளுக்குப் பர்மியத்தில். பிறகு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சரித்திரம் சொல்லாமல் அவர் நின்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். மாடுகள் படித்துறையை நோக்கித் தெருவில் இறங்கின. நம்பினால் நம்புங்கள்: பதினெட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, கோடு போட்ட மாதிரி நேராகத்தான் நடந்தன.

பட்டியின் வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். தமிழ் எழுத வேண்டியது என் பொறுப்பு. மாடு கப்பலேறியதிலிருந்து முழுச் சரித்திரமும் வர வேண்டும் என்று முதல்மாட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். பலகையோ இரண்டு முழம். நான் தூரிகையைத் தோய்த்துப் பெரிதாக ஒரே சொல் எழுதினேன்: "தொழு."

"ஒத்தச் சொல்லுதானா?" என்று முறைத்தார். பிறகு இன்னொரு தரம் படித்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு சூலே பயா வரை கேட்டிருக்கும்.

மா மியா மாடுகளோடு கியாக்தானில் தங்கிவிட, இவர் கம்பத்துக்குக் காவலாகப் பட்டியிலேயே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குப் புதுத் தொல்லை ஆரம்பித்தது. துறைமுகத்துக்குப் போகிற தமிழர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கம்பத்துக்குப் பூ வைக்க ஆரம்பித்தார்கள். இவர் குச்சியோடு ஓடி வருவார்.

"யோவ், இது கோயில் இல்லய்யா! மாடு கட்டுன எடம்!"

"பலகையில போட்டிருக்கே பெரியவரே?"

"அது வேற தொழு! உக்காரு, சொல்றேன்." பூ வைத்தவர் தப்ப முடியாது. கப்பல், சேறு, கயிறு, நேரான தெரு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பால் இல்லாமலேயே சரித்திரம் அமோகமாக நடந்தது.

சில வருஷம் கழித்து நான் ஊருக்குத் திரும்பக் கப்பலேறும் நாளன்று அங்கே போனேன். அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. மா மியா கியாக்தானிலிருந்து வந்து, அந்த வெண்கல மணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணியைத் திரும்பக் கம்பத்தில் மாட்ட நானும் கை கொடுத்தேன். வெளியே வரும்போது வாசலில் நின்று பலகையைப் பார்த்தேன். என் கையால் எழுதியதுதான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, அது சொன்னபடி செய்தேன்.