மாயக்கடை மதிப்பெண்

"இந்த மார்க்கெல்லாம் யாருக்குப் போகுது?" தலையில் மாட்டிக் கண்ணை மூடிய கனத்த மெய்நிகர்க் கருவிக்குள்ளிருந்து கேட்டார் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி.

"உங்க மகனுக்கு, சார்," என்றாள் பயிற்சி தர வந்த பெண். "நான் வாரம் ஒரு தடவை வருவேன். மத்த நாள் நீங்களே பண்ணுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. மூளைக்குப் பயிற்சி என்று மகன் இதை வாங்கித் தந்தபோதே அவர் நம்பவில்லை. அப்பாவுக்குப் புத்தி மங்கிவிட்டதென்று நிரூபித்து வீட்டைத் தன் பெயருக்கு மாற்றப் பார்க்கிறான்! ஆயுள் முழுக்க அடுத்தவர் தில்லுமுல்லைத் தோண்டியவருக்கு இதுகூடவா புரியாது?

கருவிக்குள் ஒரு கடை தெரியும். வாங்க வேண்டிய சாமான்களை ஒரு குரல் வீடு முழுக்கக் கேட்கும்படி ஒரே தடவை சொல்லும். அலமாரி அலமாரியாகத் தேடி எடுக்க வேண்டும். நிஜக்கடைக்கே மனைவி இல்லாமல் போய்ப் பழக்கமில்லாதவர் திருதிருவென்று விழித்தார்.

மறுநாள் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அது சொல்றதை நீ மனசுல வச்சுக்கோ. நான் கேக்கும்போது காதுல சொல்லு."

"எனக்கெதுக்குங்க இந்த வம்பு?"

"வீடு போயிடும்டி!"

அவள் சொன்னாள். சோப்புக்குப் பதில் விளக்குமாறு, குடைக்குப் பதில் பூட்டு. மதிப்பெண் பாதாளத்துக்குப் போனது.

"என் மானத்தை வாங்கவே வந்தியா?" என்று குதித்தார்.

வேறு வழியில்லாமல் அவளைத் தயார்படுத்தினார். பாத்திரம் கழுவும்போது ஒப்பிக்க வைத்தார். நடைக்குப் போகும்போது குறுக்குக் கேள்வி கேட்டார். அவள் தேறினாள், மதிப்பெண் ஏறியது. கருவி சும்மா இருக்குமா? சாமான்களை இரண்டு மடங்காக்கியது. அவரும் விடவில்லை. ஒருநாள் நூற்றுக்கு நூறு வந்தது.

வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. நூற்றுக்கு நூறென்றால் எந்தத் தணிக்கையாளருக்கும் சந்தேகம் வருமே!

நினைத்தபடியே, அந்த வாரம் பயிற்சிப் பெண்ணோடு மகனும் வந்து நின்றான்.

"எங்க முன்னாடி ஒரு தடவை பண்ணுங்கப்பா."

கடைக்குள் நுழைந்தார். ஒரு சாமானும் நினைவில்லை. அப்போது சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கணீரென்று வந்தது.

"குடை, மெழுகுவத்தி, சோப்பு, கத்தரிக்கோல்... என்னங்க, எடுத்தீங்களா?"

அவர் கருவியைக் கழற்றினார்.

"ஆமாடா, காப்பியடிச்சேன். வீட்டை எடுத்துக்கோ. உங்கம்மாவை மட்டும் என்கிட்டேருந்து பிரிச்சுடாதே."

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பயிற்சிப் பெண் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மறதி ஆரம்பிச்சது அம்மாவுக்கு, சார். இதை அவங்ககிட்ட குடுத்தா தொடமாட்டாங்க, அப்பாகிட்ட குடுத்தா கண்டிப்பா அம்மாவை வச்சுக் காப்பியடிப்பார்னு உங்க மகன்தான் யோசனை சொன்னார்!"