மேல்வீட்டுப் பல் டாக்டரின் இசைத்தட்டு

சிரஞ்சீவி மைத்துனனுக்கு, அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இங்கு நலம் இல்லை. அங்காவது நலமாக இருந்து தொலை.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கீழே இருக்கும் உன் வீட்டின் மாடியில் நீ குடிவைத்திருக்கும் பல் டாக்டரை உடனே காலி செய்யச் சொல். வாதம் வந்து உன் அக்காவுக்கு வலப்பக்கமும் பேச்சும் போனபோது, பெரிய டாக்டர் "நல்லா ஓய்வு கொடுங்க" என்றார் அல்லவா? நூலகத்தில் 'சத்தம் போடாதீர்கள்' பலகைக்குக் கீழே உட்கார்ந்தே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வென்றால் அமைதி என்று எனக்குத் தெரியாதா? நாற்காலிக் கால்களுக்குக் காலுறை மாட்டினேன். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கினேன். அன்றைக்கென்று வந்த கேஸ் சிலிண்டர்காரர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார், வாரம் முழுக்கக் கடை ரொட்டிதான். குழாய் சொட்டுகிறதே என்று தொட்டியில் துணி போட்டேன். துணி அடைத்துக்கொண்டு சமையலறை குளமாயிற்று. அந்தக் குளத்தில் வழுக்கி விழுந்தபோது 'ஐயோ' என்று வந்ததை விழுங்கினேன். புரையேறி, ஐயோவைவிடப் பெரிய சத்தமாகிவிட்டது.

உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். நான் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய கதை பாதி முடிந்திருக்கும். கொஞ்சம் வாயை மூடேன் என்று எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கிறேன். இப்போது கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். சூப் ஊட்டுகிறேன், குடிக்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை. நான் கேட்ட அமைதி வந்துவிட்டது, மாப்பிள்ளை. தாங்க முடியவில்லை. ஆனாலும் வைத்தியம் வைத்தியம்தானே?

இந்த லட்சணத்தில் மேலே சாயங்காலம் ஆனால் ஒரே இசைத்தட்டு. போய்க் கேட்டேன். "பகல் முழுக்கப் பல்லு குடையற சத்தம் சார், காதைக் கழுவ வேணாமா?" என்று தட்டின் அட்டையை வேறு நீட்டினார். "வெள்ளைக்காரப் பாட்டுக்காரர் ஒருத்தர் கித்தாரைத் தூக்கிட்டு ஆப்பிரிக்கா போய், அங்க இருக்கிற வாத்தியக்காரங்களோட உட்கார்ந்து போட்ட தட்டு. முதல்ல அவங்க தாளத்தைப் போட்டுட்டாங்க. இவருக்கு வார்த்தையே வரல. அந்தத் தாளத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டுக் கிடந்தாராம். அப்புறந்தான் ஒண்ணொண்ணா வார்த்தை வந்துச்சு."

"வராமலே இருந்திருக்கலாம்" என்றேன்.

நல்ல மனுஷர்தான், சத்தத்தைக் குறைத்தார். குறைத்ததில் பாட்டு போய்விட்டது, தாளம் மட்டும் சுவர் வழியாக வந்தது. சரி என்று ஒலிபெருக்கியைச் சுவரைவிட்டு எடுத்துத் தன் கட்டில் மேல் ஏற்றினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்! கட்டிலின் கால் அவர் தரையில், அவர் தரை என் கூரை. முரசு நேரே உன் அக்கா தலைக்கு மேலே இறங்கியது. நான் பல் தேய்ப்பதும் அந்தத் தாளம், மாத்திரையை நறுக்குவதும் அந்தத் தாளம். போன வாரம் பொறுக்காமல் மேலே போய், "ஒரு பொம்பளை சாகக் கிடக்கிறா, உங்களுக்குக் கூத்தா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் முகம் சுண்டிப்போய் முள்ளைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து தட்டு ஓடவில்லை. ஆனால் பிசியோதெரபிப் பெண், "என்ன சார், வலது கால் விரல் கொஞ்சம் அசைஞ்சுட்டிருந்துதே, இப்ப ஏன் இப்படிக் கெடக்கு?" என்கிறாள். அந்த முரசு கொடுத்த அதிர்ச்சிதான், வேறென்ன? ஆகவே அவர் காலி செய்தே ஆகவேண்டும்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசி. 'அக்காவும் ஆசி சொன்னாள்' என்று எழுதக் கை தானாகப் போகிறது. அவள் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் உள்ளே சத்தம். உன் அக்கா இடக்கையில் கரண்டியை வைத்துக்கொண்டு கட்டில் கம்பியில் தட்டுகிறாள். தண்ணியா? தலையணையா? கேட்கக் கேட்கத் தட்டுகிறாள். கூரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள், மாப்பிள்ளை! நானும் மேசையில் தட்டிக் காட்டினேன். தப்புத் தாளமாம், முறைத்தாள். அந்த முறைப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அப்போதுதான் மரமண்டைக்கு எட்டியது. இத்தனை நாள் அவள் கூரையைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

செருப்பில்லாமல் மாடிக்கு ஓடினேன். "போடுங்க டாக்டர்!"

"கீழ சத்தம் வருமே சார்?"

"வரணும்யா! கட்டில் மேலயே வைங்க!"

இதோ ஓடுகிறது. கால் விரல் அசைகிறது. தொண்டையில் ஏதோ ஒரு சத்தம்; வார்த்தை இல்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். யானை வருமா என்று எனக்குத் தெரியாது. மணியை நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

மேலே எழுதியதைப் படிக்காதே. டாக்டரைக் காலி செய்யச் சொன்னாயோ, தெரியும் சேதி. இதற்கு மேல் எழுத நேரமில்லை. தட்டின் ஒரு பக்கம் முடிந்துவிட்டது, உன் அக்கா கரண்டியால் தட்டுகிறாள். மாடிப்படியில் நின்று கத்தப்போகிறேன்.