எரிப்பதற்குப் பாவம் வாங்குகிறவர்

ஊவா மாகாணத்தில் பாவத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் அத்தனை பேரையும் எனக்கு நேரில் தெரியும். வெலிமடையில் தொடங்கி லுணுகலையின் கடைசி லயத்து வீடு வரைக்கும் பெயர், ஊர், விட்ட பாவம், விட்ட கிழமை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். வெலிமடைப் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

ஆனால் அவர்களுக்குள் ஓர் இனம் இருக்கிறது. அதை எந்தக் கூட்டத்திலும் நான் பிடித்துக் காட்டுவேன். முன்னாள் பாவியார் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

உண்மையாகவே விடுதலை பெற்றவர்களோடு இவரைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் தம் பாட்டில் கொழுந்து எடுப்பார்கள், பிள்ளைக்குத் தலை வாருவார்கள், பழைய கதையைக் கிளறினால் "அதெல்லாம் ஆண்டவர் கிருபைங்க" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். முன்னாள் பாவியார் போகமாட்டார். கல்யாண வீட்டில் அவர் முன்னால் வெற்றிலைத் தட்டை நீட்டிப் பாருங்கள். மற்ற மனிதர் என்றால் வேண்டாம் என்பார், அல்லது எடுத்துக்கொள்வார். இவரோ தட்டை வெகு நாள் பகையாளியைப் பார்ப்பது போலப் பார்த்து, கண்ணை மூடி, பந்தலில் கட்டிய தோரணம் ஆடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, "விட்டுட்டேங்க" என்பார். எதை என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் காத்திருப்பார். அப்போதும் கேட்காவிட்டால்? கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கிவிடுவார்.

"நான் இருந்த இருப்ப நீங்க பாத்திருந்தா நடுங்கிப் போயிருப்பீங்க." இது அவருடைய முதல் வசனம். இதற்குப் பிறகு பாவம் முக்கால் மணி நேரம் நடக்கும். விடுதலை எவ்வளவு நேரம் நடக்கும் என்கிறீர்களா? "அப்புறம் விட்டுட்டேன்." அவ்வளவுதான்.

இந்த இனத்தில் நான் கண்ட மிகச் சிறந்த உருப்படி பாக்கியநாதன் கணக்கப்பிள்ளை. பாணுக்கும் சீனிக்கும் ஊரே வரிசையில் நின்ற எழுபதுகளில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே மலையில் ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மனசும் ஏறக்குறைய அதே வெள்ளை. அந்த மனிதர் வாழ்நாளில் செய்த ஒரே குற்றம் இளவயதில் கொஞ்சம் பொடி போட்டது. அதுவும் சளிக்கு.

எங்கள் ஜெபவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, காற்றுக் காலத்தில், எழுப்புதல் கூட்டம் நடக்கும். கடைசி நாள் ஞாயிறு பின்னேரம், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை வாசலில் குவித்து நெருப்பு மூட்டுவார்கள். தன்னைக் கட்டிப் போட்டிருந்த சாமான் எதுவோ, அதைக் கொண்டுவந்து சபைக்கு முன்னால் நெருப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். பீடிக் கட்டு வரும், சூதாட்டச் சீட்டு வரும், மாமியாருக்குச் செய்வினை வைக்க வாங்கிய தகடு ஒன்று கூட வந்திருக்கிறது. மாமியாரும் பக்கத்தில்தான் நின்றாள்.

பாக்கியநாதன் தன் பொடி டப்பாவைப் போட்ட நாளில் சபையே அழுதது. பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். காற்று அவர்கள் பக்கம் அடித்ததால், பொடியும் கொஞ்சம் உதவி செய்திருக்கலாம். எப்படியோ, அந்த அழுகையில்தான் அவர் கெட்டுப்போனார். அடுத்த வருஷமும் எல்லோரும் தன்னைப் பார்த்து அப்படி அழவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அழவேண்டுமென்றால் பாவம் வேண்டும். பாவத்துக்கு எங்கே போவது?

லுணுகலை ஹாஷிம் நானா கடைக்குப் போனார்.

ஒரு வருஷம் சீட்டுக்கட்டு வாங்கினார். வெளிநாட்டுச் சாமான் வராத காலம், ஹாஷிம் நானா எங்கேயோ பதுளையில் தேடி எடுத்துக் கொடுத்தால், பளபளவென்று இருக்கிறதே, யார் நம்புவார்கள் என்று கணக்கப்பிள்ளைக்குக் கவலை. கொஞ்சம் பழசாக்கித் தாருங்கள் என்றார். ஹாஷிம் நானா தொழுகையாளி, கட்டைப் பிரித்து ஆடமாட்டார். அதனால் பஸ்காரர்களிடம் கொடுத்துப் பழக்கச் சொன்னார். அவர்களும் மனசார உதவி செய்தார்கள். அந்தக் கிழமை முழுக்கப் பசறைக்குப் போகிற பஸ் ஒன்றுகூட நேரத்துக்குப் புறப்படவில்லை, நடுவழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு ஆட்டம் முடித்துக்கொண்டுதான் போனார்கள் என்று சொல்வார்கள். சொல்கிறவள் நான்தான். ஆனால் சீட்டுக்கட்டு அருமையாகப் பழுத்திருந்தது. சபை அழுதது.

மறு வருஷம் குதிரைப் பந்தயத் தாள். அதற்கு மறு வருஷம் சினிமாப் பாட்டுப் புத்தகம். இதற்கிடையில் பழைய பொடியும் சும்மா இருக்கவில்லை. முதலில் புளியங்கொட்டை அளவு போட்டேன் என்று சொன்னவர், பிறகு கரண்டியால் போட்டேன் என்றார். நான் கடைசியாகக் கேட்டபோது பொடி கொழுந்துக் கூடையில் வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் நல்லையா குறுக்கே வந்தான்.

நல்லையா கவ்வாத்து வெட்டுகிறவன். கத்தியைப் பிடித்தால் அவனுக்கு நிகர் அந்த மலையில் கிடையாது. கசிப்புப் போத்தலைப் பிடித்தாலும் அப்படியே. ஆற்றோரத்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற அந்தச் சாராயம் அவனை வாசல் வாசலாகக் கிடக்க வைத்தது. அவன் பெண்சாதி ரெங்கம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறதென்று பெட்டி கட்டிவிட்டாள். கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவன் குடியை நிறுத்தியிருந்தான். கட்டிய பெட்டியை அவளும் அவிழ்க்கவில்லை. இந்தக் கூட்டம் முடியட்டும், பார்ப்போம் என்று அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

நல்லையா விறகுக்கு அடியில் ஒரு போத்தல் ஒளித்து வைத்திருந்தான். அதைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் ஜெபவீட்டு உபதேசியாரிடம் போய் நின்றான். அவர் அதிகம் பேசாத மனிதர். "நீ ஜெயிச்சிட்டு வரணும்னு யாரும் கேக்கலப்பா. தோத்த கையோட அப்படியே வா. விடுவிக்கிறவர் வேற ஒருத்தர்" என்று மட்டும் சொன்னாராம். சரி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

இந்தச் செய்தி பாக்கியநாதன் காதுக்கு எட்டியது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்லையா கசிப்புப் போத்தலைப் போட்டால் சபை யாரைப் பார்த்து அழும்? சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கு இனி என்ன மதிப்பு? ஆகவே தானும் குடித்துவிடுவது என்று தீர்மானித்தார். பழைய காலத்தில் குடித்துவிடுவது என்று.

மறுபடியும் ஹாஷிம் நானா. "சாராயம் நான் விக்கிறல்ல கணக்கப்புள்ள. வெறும் போத்தல் ஒண்டு தாரேன். உள்ளுக்கு என்னத்த ஊத்துறதெண்டு நீங்களும் உங்கட ஆண்டவரும் பேசி முடிச்சிக்கொள்ளுங்க" என்று ஒரு போத்தலைத் துடைத்துக் கொடுத்தார். கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போய் அதில் பால் விடாத தேத்தண்ணீரை ஊற்றி அடைத்தார். நிறம் சரியாக வந்தது.

ருசிதான் அவருக்குத் தெரியாது. சாட்சி சொல்லவேண்டுமே. யாரைக் கேட்பது? கேளுங்கள், இந்த இனத்தின் மூளை வேலை செய்கிற விதத்தை. குடியை விட்டு நாக்கு வறண்டு கிடக்கிற நல்லையாவையே தேடிக்கொண்டு மலைக்குப் போனார். முதல் மடக்கு எப்படி இருக்கும், தொண்டையில் எப்படி இறங்கும், கூடக் கடிக்கக் கருவாடு நல்லதா கடலை நல்லதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பெரியவர் கேட்கிறாரே என்று அவனும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் வெட்டிய செடியையே திரும்பத் திரும்ப வெட்டியதைப் பக்கத்து வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. அவர் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நெருப்பு எரிந்தது. பாக்கியநாதன் முதல் ஆளாக எழுந்தார்.

அப்படியொரு சாட்சியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. முதல் மடக்கு நெஞ்சுக்குள் விளக்கு ஏற்றுவது போல இருக்கும் என்றார். சுட்ட கருவாட்டை எப்படிப் பிய்க்கவேண்டும் என்று கையால் காட்டினார். ஜெபக் கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் எச்சில் விழுங்கினார்கள். குடிவாடையே அறியாத எனக்குக்கூட அந்தக் கருவாட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. நல்லையா ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். துண்டில் சுற்றிய போத்தல் மடியில் இருந்தது. அவன் கட்டைவிரல் அடைப்பை நெம்பிக்கொண்டிருந்தது. ரெங்கம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் விட்டுட்டேன்" என்று முடித்து, பாக்கியநாதன் தன் போத்தலை நெருப்பில் கவிழ்த்தார்.

நெருப்பு புஸ் என்று அணையப் பார்த்தது. புகை எழும்பியது. கூடவே ஒரு வாசமும் எழும்பியது. ஐயா, தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணீர் வாசம் தெரியாத மூக்கு ஏது? தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. தேயிலைப் பெக்டரியில் வேலை செய்கிறவர் ஒருவர் மூக்கை உறிஞ்சி, "டஸ்ட்டு. அதுவும் போன மாசத்துத் தூளு" என்று தரம் பிரித்தே சொன்னார். சபை அழவில்லை. விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் நல்லையா எழுந்துவிட்டான். வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். போய்விட்டான் என்றுதான் நினைத்தோம். ரெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் என்ன நினைத்தானோ, திரும்பி, துண்டை அவிழ்த்து, போத்தலை முன்னால் நீட்டினான்.

"கணக்கப்புள்ள ஐயா சொன்னது எல்லாம் சரிங்க. ருசி அப்படித்தான் இருக்கும். ஆனா நான் இன்னும் விடலீங்க. இப்பக்கூட குடிக்கணும் போலதான் இருக்கு. என்னால இதக் கீழ வைக்க முடியல. யாராவது என் கையிலேருந்து வாங்கிக்கங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. உபதேசியார் தூரத்தில் நின்றார். கிட்டே நின்றது பாக்கியநாதன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் சபை தன்னை அப்படிப் பார்க்கவேண்டும் என்று அவர் எவ்வளவு பாடுபட்டார்! இப்போது பார்க்கிறார்கள், அவருக்கு நிற்க இடம் தெரியவில்லை. மெதுவாகப் போய், நல்லையாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, போத்தலை வாங்கினார். நல்லையா அப்படியே உட்கார்ந்து அழுதான். சபை அழுதது. இந்தத் தடவை பொடி இல்லாமல்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாங்கியதை எங்கே போடுவது என்று வந்ததே கேள்வி. வழக்கம் நெருப்பு. பாக்கியநாதன் போத்தலைத் திறந்தார். குடித்துப் பழகியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். யார் யார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வாழ்நாளில் ஒரு துளி அறியாத மனிதர் மட்டும் குனிந்து ஊற்றினார்.

அப்போது எழும்பிய நெருப்பு பதுளை வரைக்கும் தெரிந்தது. பதுளை இல்லாவிட்டால் பசறை. புகை அடங்கிப் பார்த்தால் கணக்கப்பிள்ளை இருக்கிறார், புருவம் இல்லை. அவர் மனைவி மரியபுஷ்பம் ஓடிவந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, இருமல் மருந்து கொடுத்தால்கூட மூக்கைப் பிடிக்கிற மனுசன், உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

நல்லையா அன்றிலிருந்து குடியைத் தொடவில்லை. ரெங்கம்மா வீட்டுக்குப் போய்ப் பெட்டியை அவிழ்த்தாள். பாக்கியநாதன் திருந்தினாரா என்கிறீர்களா? திருந்தினார். அடுத்த வருஷம் புருவம் முளைத்த முகத்தோடு எழுந்து, தன்னைக் கட்டிப் போட்டிருந்தது பெருமை என்கிற பாவம்தான் என்று ஒப்புக்கொண்டார். "நான் பெருமையில இருந்த இருப்ப நீங்க பாத்திருந்தா நடுங்கிப் போயிருப்பீங்க. என்னைப் போல ஒரு பெருமைக்காரன் இந்த மாகாணத்திலேயே இருந்ததில்ல" என்று முக்கால் மணி நேரம் பேசினார். அப்புறம் விட்டுவிட்டாராம்.

வாசகரே, இவ்வளவையும் வாசித்துவிட்டு, நல்லவேளை நான் அந்தக் கணக்கப்பிள்ளையைப் போல இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டீர்களா? சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள். சொன்னால், எங்கள் ஜெபவீட்டில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

எழுதியதை ரெங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என்னைப் பார்க்க வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கருவாட்டுக்குச் சிரித்தாள், புருவத்துக்குச் சிரித்தாள். நல்லையா அன்றிலிருந்து தொடவில்லை என்ற இடம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டாள்.

"அது இல்லீங்க டீச்சரம்மா, மாத்துங்க. அந்த மாசச் சம்பளத்தன்னிக்கே குடிச்சாரு. மறுநா காலையில உபதேசியார் வாசல்ல போயி உக்காந்தாரு. அப்புறமும் விழுந்தாரு, அப்புறமும் போயி உக்காந்தாரு. இப்ப விழுறதில்ல. ஆனா போயி உக்கார்றத மட்டும் இன்னும் விடல."